செகண்ட் ஹேண்ட் மைவி: டீலர் வாரண்டி கையில் இருக்கும்போது சர்வீஸ் எங்கே செய்வது?

செம்மண்ரோடு (சுங்கை சிப்புட்)

வணக்கம். ஈப்போவில் ஒரு டீலரிடம் 2019 பெரோடுவா மைவி 1.3 ஆட்டோ (ஆட்டோமேட்டிக் கியர் கார்) எடுத்திருக்கிறோம். மீட்டர் 78,000 கிலோமீட்டர். பெரோடுவா கொடுத்த வாரண்டி முடிந்துவிட்டது. டீலர் "எஞ்சின், கியர்பாக்ஸ் ஒரு வருட வாரண்டி" என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். பணம் கட்டும்வரை நல்ல கவனிப்பு. இப்போது போன் போட்டால், "பேனல் வொர்க்ஷாப்புக்கு வாங்க, பார்ப்போம்" என்பதோடு சரி. (பேனல் என்றால் வாரண்டிக்காரர்கள் ஒப்புக்கொண்ட வொர்க்ஷாப்.)

காடி (கார்) தினமும் தோட்டத்துச் செம்மண் சாலையில்தான் ஓடும். வீட்டுப் பக்கத்திலேயே நல்ல போமேன் (மெக்கானிக்) இருக்கிறார், பேனல் வொர்க்ஷாப்போ ஈப்போவில். என் கேள்விகள்:

சர்வீஸை இங்கேயே செய்தால் வாரண்டி போய்விடுமா? முதல் சர்வீஸில் என்னென்ன கேட்டுச் செய்ய வேண்டும்? காலையில் பார்க்கிங்கிலிருந்து டிரைவுக்குத் தள்ளும்போது "டொக்" என்று ஒரு குலுக்கல் வருகிறது. டீலரைக் கேட்டால், "மைவி எல்லாம் அப்படித்தான் லா" என்கிறார். விட்டுவிடலாமா?

---

ஈப்போ_போமேன்

தம்பி, முதல் சர்வீஸ் பற்றி நான் சொல்கிறேன். வாரண்டிப் புத்தகத்தை இங்கே கிராணி ஐயா மாதிரி ஆள் படித்துச் சொல்லட்டும்.

டீலர் "சர்வீஸ் பண்ணித்தான் கொடுத்தோம்" என்று சொல்லியிருப்பார். பெரும்பாலும் அதற்கு அர்த்தம் எண்ணெய் மாற்றி, எஞ்சினைக் கழுவிப் பளபளப்பாக்கியது. அதை நம்பி அடுத்த 10,000 வரை ஓட்டாதீர்கள். எதை எப்போது மாற்றினார்கள் என்று ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு தடவையாவது பெரோடுவா சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். கிராணையும் (காடியின் உரிமைப் பத்திரம்) ஐசியையும் (அடையாள அட்டை) காட்டி, இந்த நம்பர் காடிக்கு அவர்களிடம் பதிவாகியிருக்கும் சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள். பழைய ஓனர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அது உங்களுக்குத் தேவையும் இல்லை. தேதி, அன்றைக்கு மீட்டரில் இருந்த கிலோமீட்டர், என்ன வேலை செய்தார்கள், இந்த மூன்றுதான் வேண்டும். 2022-இல் 90,000 என்று பதிவிருந்து உங்கள் மீட்டர் இன்றைக்கு 78,000 காட்டினால், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பதிவு பாதியில் நின்றிருந்தால் அது குற்றமில்லை, வாரண்டி முடிந்ததும் பலரும் வெளியேதான் செய்வார்கள். நின்ற இடத்திலிருந்து என்னென்ன பாக்கி என்று மட்டும் கணக்குப் போடுங்கள்.

எண்ணெய்: இந்த எஞ்சினுக்கு 0டபிள்யூ-20, அதாவது மெல்லிய ரகம். கெட்டி எண்ணெய் போட்டால் எஞ்சினுக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எஞ்சினில் எண்ணெய் போகும் சந்துகளை மெல்லிய எண்ணெய்க்குத் தகுந்த மாதிரிதான் செய்திருக்கிறார்கள். 4 லிட்டர் கேனை அப்படியே கவிழ்ப்பதும் தப்பு. மைவிக்கு அவ்வளவு பிடிக்காது. அளவுக்கோலில் மேல் கோட்டைத் தொட்டால் நிறுத்த வேண்டும், மீதியை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பில்டரையும் வடிகால் நட்டின் வாஷரையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். பழைய வாஷரையே திரும்பப் போட்டால் சொட்டுச் சொட்டாய் ஒழுகும். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தேன் நிறப் படிவு இருந்தால் பரவாயில்லை. கறுப்பாய்க் களி மாதிரி ஒட்டியிருந்தால் எண்ணெய் மாற்றாமல் பல காலம் ஓடிய வண்டி. அப்படியானால் முதல் இரண்டு மாற்றத்தை 5,000-க்கு ஒன்றாய் வையுங்கள். எஞ்சினுக்குள் கழுவும் பிளஷ் மருந்து ஊற்ற வேண்டாம். அது களியைக் கட்டி கட்டியாய்ப் பெயர்த்து எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும்.

கூலன்ட்: எஞ்சின் ஆறின பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே துருத் தண்ணீர் நிறம் இருந்தால், யாரோ பைப் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். முழுதாக வடித்து, கழுவி, ஒரே வகைக் கூலன்ட் நிரப்புங்கள். பச்சையும் சிவப்பும் கலந்து ஊற்றினால் சில சமயம் கூழாகிவிடும்.

பிரேக் எண்ணெய் 2 வருடத்துக்கு ஒரு முறை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர் ஈரத்தில் சொல்லவே வேண்டாம். பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான்.

டயரில் தேய்மானத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. காடியோடு வந்த முதல் டயர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், பட்டன் நன்றாய் இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும், மழையில் பிடிக்காது. ஸ்பேர் டயரையும் அதே மாதிரி பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை.

செம்மண் சாலைக்குத் தனியாய் மூன்று சொல்கிறேன். எயர் பில்டரை 5,000-க்கு ஒரு தடவை கழற்றி, காற்றை உள்பக்கத்திலிருந்து வெளியே ஊதுங்கள். வெளியிலிருந்து ஊதினால் தூசி இன்னும் உள்ளேதான் போகும். எயர்கோன் பில்டர் முன்சீட்டு டாஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், அது அடைத்தால் குளிர் குறையும். கேஸ் போச்சு என்று சொல்லிக் கேஸ் ஏற்றிவிடுவார்கள். அடுத்தது டிரைவ்ஷாப்ட் (முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) ரப்பர் உறை. அதில் சின்னக் கிழிசல் விழுந்தால் கிரீஸ் வெளியே தெறித்து, செம்மண் உள்ளே போய் அரைக்கும். முன்சக்கரத்தின் உள்பக்க ரிம்மில் கறுப்பாய்க் கிரீஸ் அடித்திருக்கிறதா பாருங்கள். உறையோடு பிடித்தால் உறை விலையோடு போகும். ஸ்டேரிங்கை முழுக்கத் திருப்பும்போது "கடக் கடக்" கேட்க ஆரம்பித்தால் ஜாயின்ட்டே போச்சு. மூன்றாவது, மழை நாளில் ஓட்டி வந்தால் அடியில் தண்ணீர் அடியுங்கள். லோவர் ஆர்ம் புஷ்ஷை (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர்) சுற்றி மண் காய்ந்து கட்டியானால் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும்.

குலுக்கல் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒன்று: அது குளிர் எஞ்சினில் மட்டுமா, சூடான பிறகும் வருகிறதா?

---

பழைய_கிராணி

தம்பி, அந்தச் சின்னப் புத்தகத்தில் "வாரண்டி" என்ற சொல்லைத் தாண்டி நான்கு இடத்தைத் தேடிப் படியுங்கள்.

முதலில், வாரண்டி கொடுப்பது யார்? டீலரா, அல்லது தனியான வாரண்டிக் கம்பெனியா? கம்பெனி என்றால் டீலர் வெறும் முகவர். அவர் வாயால் சொன்னது எதுவும் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. புத்தகத்தில் உங்கள் காடி நம்பர், சேசிஸ் நம்பர், தொடங்கும் தேதி, அன்றைய கிலோமீட்டர் நிரப்பப்பட்டிருக்கிறதா, முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பாத புத்தகம் வெறும் காகிதம்.

அடுத்து, சர்வீஸ் நிபந்தனை. "பேனல் வொர்க்ஷாப்பில் மட்டும்" என்பது ஒன்று, "பதிவு பெற்ற வொர்க்ஷாப்பில், ரசீதுடன்" என்பது வேறொன்று. முதல் வகையென்றால் எண்ணெய் மாற்றக்கூட ஈப்போ போக வேண்டும், வேறு வழியில்லை. இரண்டாம் வகையென்றால் உங்கள் பக்கத்துப் போமேனே போதும். ஆனால் ரசீதில் தேதி, காடி நம்பர், கிலோமீட்டர், எண்ணெயின் தரம், பில்டர் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். "சர்வீஸ்" என்று மட்டும் எழுதி ஒரு தொகை போட்ட துண்டுச் சீட்டு ஆகாது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பதையும் பாருங்கள். பல புத்தகங்களில் கிலோமீட்டரும் மாதமும் இரண்டும் இருக்கும், எது முந்துகிறதோ அது. குறைவாய் ஓட்டுகிறவர்கள் மாதத்தில்தான் தவறுகிறார்கள்.

மூன்றாவது, எதெல்லாம் சேராது. எஞ்சின் என்றால் எஞ்சினுக்குள் எண்ணெயில் ஓடும் பாகங்கள் என்றுதான் பொதுவாய் எழுதியிருப்பார்கள். மவுண்டிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர்), சென்சார், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ரப்பர், ஆயில் சீல் பலவற்றில் சேராது. ஒரு தடவைக்கு இவ்வளவு, மொத்தத்துக்கு இவ்வளவு என்று தொகைக்கும் வரம்பு இருக்கும். கூலி, இழுவை வண்டி, பிரித்துப் பார்க்கும் செலவு யார் தலையில் என்பதையும் அங்கேயே தேடுங்கள்.

நான்காவதில்தான் பலருக்கும் அடி விழுகிறது: முன் அனுமதி. அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் முன் எந்தப் பாகத்தையும் யாரும் பிரிக்கக் கூடாது என்று இருக்கும். பக்கத்துப் போமேன் நல்ல மனதோடு கியர்பாக்ஸ் தட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு நியாயம் பேசினாலும், "நீங்கள் பிரித்ததால்தான் கெட்டது" என்பார்கள்.

---

தாமான்_ஓரம்

கிராணி ஐயா சொன்னதோடு ஒரு சின்னச் சேர்க்கை. பேனல் வொர்க்ஷாப் கட்டாயம் என்றாலும், அங்கே எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு மற்ற வேலையை உங்கள் போமேனிடம் செய்யலாம். பிரேக், டயர், அப்சோபர், பேட்டரி இவற்றுக்கும் எஞ்சின் வாரண்டிக்கும் சம்பந்தமில்லை. ஈப்போவில் கேட்கும் கூலியில் சுங்கை சிப்புட்டில் லோவர் ஆர்ம் புஷ்ஷோடு ஸ்டெபிலைசர் லிங்க்கும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள்.

இன்னொன்று, வெள்ளத்தில் முங்கிய வண்டியா என்று இப்போதாவது பாருங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஏராளமான காடிகள் மூழ்கின. அவை எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டை முழுதாய் இழுத்து அடிப்பகுதியில் மண் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட்டு நகரும் தண்டவாளம், ஸ்பேர் டயர் குழி, கதவு ஓரத்து ரப்பரின் உள்புறம் எல்லாம் பாருங்கள். கார்பெட்டைக் கழுவலாம், அதன் அடியில் இருக்கும் பஞ்சுப் பாய் வாசனை போகாது. பெரும்பாலான வாரண்டிகளில் வெள்ளச் சேதம் சேராது, பழைய வெள்ளமும் சேர்த்துத்தான்.

இதைப் படிக்கும் வேறு யாராவது பழைய ஹோண்டா எடுத்திருந்தால் தக்காத்தா எயர்பேக் ரீகால் (குறையுள்ள எயர்பேக்கைக் கம்பெனியே மாற்றித் தருவது) முடிந்ததா என்று சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஹோண்டாவில் கேளுங்கள். ரீகால் காடியோடு வருவது, எத்தனையாவது ஓனர் என்றாலும் மாற்றித் தருவது இலவசம்.

---

செம்மண்ரோடு

எல்லாருக்கும் நன்றி. புத்தகத்தைப் படித்தேன். தனி வாரண்டிக் கம்பெனிதான். சர்வீஸ் பேனலில் மட்டும், 6 மாதம் அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. முன் அனுமதி வேண்டும் என்றும் இருக்கிறது. மவுண்டிங் சேராது. போமேன் அண்ணே, குலுக்கல் காலையில் பலமாய் இருக்கிறது. சூடான பிறகும் இலேசாய் வருகிறது, முக்கியமாய் ரிவர்ஸில். ஓடும்போது கியர் மாறுவது நன்றாய்த்தான் இருக்கிறது.

---

ஈப்போ_போமேன்

அப்படியானால் விடக் கூடாது, பதறவும் வேண்டாம்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் சீக்கிரம் சூடாக வேண்டும் என்று ஆர்பிஎம் மேலே நிற்கும். அந்த வேகத்தில் கியரைப் போட்டால் எந்த ஆட்டோவும் ஒரு உதை உதைக்கும். ஆர்பிஎம் 1,000-க்குக் கீழே இறங்கின பிறகு, பிரேக்கை நன்றாய் மிதித்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். அப்போது மெதுவாய் விழுந்தால் காலைக் குலுக்கலுக்குக் காரணம் அதுதான்.

சூடான பிறகும் வருவதற்கு மூன்று இடம் பார்க்க வேண்டும். ஐடிலே (நின்றபடி எஞ்சின் ஓடும் வேகம்) உயரமாய் நிற்கிறதா? எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திரோட்டல் பாடியில் கரி பிடித்தால் அப்படி ஆகும். சுத்தம் செய்து காடியின் கம்ப்யூட்டருக்கு ஐடிலைத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும், சின்ன வேலை. இரண்டாவது மவுண்டிங். சமதளத்தில் ஹேண்ட்பிரேக் இழுத்து, பிரேக்கை மிதித்தபடி ஒருவர் உள்ளே உட்கார்ந்து டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றட்டும். பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பாருங்கள். காடிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் கொஞ்சம் அசையும், அது இயல்பு. ஒரு பக்கமாய் எகிறி "டொக்" என்று மோதினால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது. ரிவர்ஸில்தான் அதிகம் என்கிறீர்கள், எனக்கு மவுண்டிங் மேல்தான் சந்தேகம். செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு 78,000-இல் அது போவது அதிசயமில்லை.

மூன்றாவது கியர் எண்ணெய். நல்ல எண்ணெய் சிவப்பாய்த் தெளிவாய் இருக்கும். பழுப்பாகிக் கருகல் வாசனை அடித்தால் உள்ளே கிளட்ச் தேய்கிறது. ஸ்ட்ராபெரிப் பால் மாதிரி இருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது, அப்படியே நிறுத்துங்கள், ஓட்ட வேண்டாம். எண்ணெய் மாற்றுவதென்றால் வடித்து நிரப்பும் முறையே போதும். வடிந்ததை அளவுக் குவளையில் பிடித்து, வந்த அளவே திரும்ப ஊற்ற வேண்டும். கியர்பெட்டியில் உள்ள எண்ணெய் முழுதும் வடியாது, எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் நிறைய தங்கிவிடும். அதனால் 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை செய்வது நல்லது. பெரோடுவா சொல்லும் ரகத்தையே கேளுங்கள். "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று எழுதிய கேன் வேண்டாம்.

உங்களுக்கு வாரண்டி இருப்பதால் கியர் எண்ணெயைப் பக்கத்தில் தொட வேண்டாம், பேனலிலேயே செய்யுங்கள். மவுண்டிங் சோதனைக்கு எதையும் கழற்றத் தேவையில்லை, அதை உங்கள் போமேனிடமே பார்க்கலாம்.

ஸ்கேனர் மாட்டும்போது எர்ரர் கோட் மட்டும் கேட்காதீர்கள். "ரெடினெஸ்" என்று, காடி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ஒரு பக்கம் உண்டு, அதையும் காட்டச் சொல்லுங்கள். காடி எடுத்த புதிதில் அதில் எல்லாமே "முடியவில்லை" என்று இருந்தால், விற்பதற்கு முன் யாரோ எர்ரர் கோட் பதிவை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சில நூறு கிலோமீட்டர் ஓட்டின பிறகு திரும்ப மாட்டினால் மறைத்து வைத்தது வெளியே வரும். சாவியை ஆன் செய்ததும் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லையென்றால் விளக்கை வேண்டுமென்றே ஊமையாக்கியிருக்கலாம்.

---

பழைய_கிராணி

போமேன் சொன்னதில் பணக் கணக்கு ஒளிந்திருக்கிறது. குலுக்கல் மவுண்டிங்கால் என்றால் உங்கள் செலவு. கியர்பாக்ஸ் உள்ளே என்றால் வாரண்டிக் கம்பெனி செலவு. அதனால் "எல்லாம் அப்படித்தான்" என்ற வாய்வார்த்தையோடு விடாமல், காரணம் என்ன என்பதைப் பேனல் வொர்க்ஷாப்பிடம் எழுத்தில் வாங்குங்கள். இன்றைக்கே டீலருக்கும் கம்பெனிக்கும் வாட்ஸ்அப் போடுங்கள்: காடி நம்பர், வாங்கிய தேதி, இப்போதைய கிலோமீட்டர், எப்போது குலுக்குகிறது, எப்போது பார்ப்பீர்கள். கூடவே மீட்டரின் படமும், கியர் போடும்போது எடுத்த ஒரு வீடியோவும். கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். வாரண்டி முடிந்த பிறகு பெரிதாய் வெடித்தாலும், முடியும் முன்பே சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

புத்தகத்தில் சேராதது எல்லாம் போனதுதான் என்றும் நினைக்க வேண்டாம். மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதம் தானாகவே இருக்கிறது. பழைய பொருள் என்றால் விலை, வயது எல்லாவற்றையும் வைத்துத்தான் தரத்தைப் பார்ப்பார்கள். ஏழாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வண்டிக்கும் நாற்பதாயிரம் வெள்ளி வண்டிக்கும் ஒரே அளவுகோல் இல்லை. "உள்ளது உள்ளபடி வாங்கினேன்" என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்த உரிமை அற்றுப்போகாது. ஆனால் விற்கும்போதே ஒரு குறையைக் குறிப்பிட்டுச் சொல்லிக் காட்டியிருந்தால், அந்தக் குறைக்காகப் பிறகு கேட்க முடியாது. விற்பனைத் தாளில் குறைகள் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

டீலருக்குச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு கொடுத்தாக வேண்டும். அதற்கும் மசியவில்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம். மனுவுக்கு 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பிரச்சனை எழுந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் தேவையில்லை. தீர்ப்பு வந்தபின் எதிர்த்தரப்பு 14 நாளில் பின்பற்றாவிட்டால் அது குற்றமாகும். வியாபாரியிடம் வாங்கியதற்குத்தான் இந்த வழி. தனி ஆளிடம் நேரடியாய் வாங்கிய காடிக்கு இது பொருந்தாது.

லோனில் எடுத்திருந்தால் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். டீலர் மேல் உள்ள கோபத்தை வங்கியிடம் காட்டினால் காடியை இழுத்துப் போவார்கள்.

---

செம்மண்ரோடு

மெசேஜ் அனுப்பிவிட்டேன். பேனலில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பிரித்துப் பார்க்கும் கூலியை நான் கட்ட வேண்டுமாம், கோளாறு அவர்கள் பக்கம் என்றால் திருப்பித் தருவார்களாம். சரியா?

---

ஈப்போ_போமேன்

வழக்கம்தான். ஆனால் பிரிக்கும் முன் தொகையை எழுதி வாங்குங்கள், திரும்பப் பூட்டும் கூலியும் அதில் அடக்கமா என்று கேளுங்கள். முதலில் மவுண்டிங்கும் ஸ்கேனும் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குப் பெட்டியைப் பிரிக்கத் தேவையே இல்லை. மவுண்டிங்தான் என்று தெரிந்தால் அங்கே மாற்ற வேண்டாம், சுங்கை சிப்புட்டுக்கே கொண்டு போங்கள். கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டிங்கையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒன்று புதிதாய், மற்றது கிழிந்ததாய் இருந்தால் புதிது சீக்கிரம் போய்விடும்.